ரெண்டு இஞ்சின், ஒரு வண்டி



ஐந்தாம் ஆண்டு வகுப்பில் ஒரு மாணவன் என்னைக் கேட்டான்: “சார், ஒரு காருக்கு ரெண்டு இஞ்சின் வெச்சா ரெண்டு பங்கு வேகமா ஓடுமா?” அவனுடைய அப்பா தோட்டத்தில் லோரி ஓட்டுகிறவர். வீட்டில் இதைப் பற்றிப் பெரிய வாக்குவாதமே நடந்திருக்கும் போலிருக்கிறது. கேள்வி நல்ல கேள்வி. வகுப்பில் ஐந்து நிமிடத்தில் சொல்லி முடிக்கிற காரியம் அல்ல என்பதால், இந்தப் பகுதியில் விரிவாக எழுதுகிறேன். அவன் அப்பாவும் இந்த ஏட்டைப் படிக்கிறவர்தான்.

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். ஓடாது.

ஏன் ஓடாது? மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து போகும்போது கையை வெளியே நீட்டிப் பார்த்திருப்பீர்கள். முப்பது கிலோமீட்டர் வேகத்தில் காற்று கையைத் தடவிக்கொடுக்கும். அறுபதில் தள்ளும். தொண்ணூறில் கையைப் பிடுங்கிக்கொண்டு போகும். வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு இரண்டு மடங்கு ஆவதில்லை, நான்கு மடங்கு ஆகிறது. அந்த நான்கு மடங்கு எதிர்ப்பை இரண்டு மடங்கு விரைவாகக் கிழித்துக்கொண்டு போக வேண்டுமே, அதற்கு எட்டு மடங்கு பலம் தேவை. ஆகவே 100 கிலோமீட்டரில் மூச்சு முட்டி நின்றுவிடும் ஒரு காருக்கு இரண்டாவது இஞ்சின் பூட்டினால், காற்றை மட்டும் கணக்கில் எடுத்தால், அது 126 கிலோமீட்டர் வரைதான் போகும். அந்த இஞ்சினுடைய சுமையையும் சேர்த்துப் பார்த்தால் அதுகூடச் சந்தேகம்தான்.

அப்படியானால் எதற்காக இரண்டு இஞ்சின்? பைத்தியக்காரத்தனமா என்று கேட்பீர்கள். இல்லை. மழைக்காலத்தில் நம் தோட்டத்துச் சிவப்பு மண் பாதையை நினைத்துக்கொள்ளுங்கள், விடை அங்கேயே கிடக்கிறது.

செம்பனைக் குலை ஏற்றிய லோரி மேட்டில் ஏறுகிறது. பின்சக்கரம் ஒன்று சேற்றில் மாட்டிக்கொள்கிறது. ஓட்டுநர் எண்ணெயை மிதிக்க மிதிக்க, மாட்டிய சக்கரம் மட்டும் சேற்றை வாரி இறைத்துக்கொண்டு சுற்றும். நல்ல தரையில் நிற்கும் மற்றச் சக்கரமோ அசையாமல் வேடிக்கை பார்க்கும். இதற்குக் காரணம் ஆக்சிலின் நடுவே இருக்கும் ‘டிஃபரன்ஷியல்’ என்ற பல்சக்கரத் தொகுதி. வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரமும் உட்பக்கச் சக்கரம் குறைந்த தூரமும் ஓட வேண்டும். அதற்கு இடம் கொடுக்கத்தான் அதை வைத்திருக்கிறார்கள். தார் ரோட்டில் அது நல்ல பிள்ளை. சேற்றிலோ, எந்தச் சக்கரம் சுலபமாகச் சுற்றுகிறதோ அதன் பக்கமே சாய்ந்துவிடும்.

முன்சக்கரங்களும் சேர்ந்து இழுத்தால் வண்டி ஏறிவிடும். துரையின் ஜீப் ஏறுவது அப்படித்தான். ஆனால் ஒரே இஞ்சினிலிருந்து நான்கு சக்கரத்துக்கும் பலத்தைக் கொண்டுபோக வேண்டுமானால், முன்னுக்கு ஒரு தண்டு, பின்னுக்கு ஒரு தண்டு, இரண்டையும் பிரித்துக் கொடுக்க நடுவில் இன்னொரு கியர்பெட்டி என்று வயிற்றுக்கடியில் ஒரு இரும்புக்கடையே வேண்டும். சில பொறியாளர்கள் யோசித்தார்கள். இத்தனை தண்டு எதற்கு? முன்சக்கரத்துக்கு ஒரு இஞ்சின், பின்சக்கரத்துக்கு இன்னொரு இஞ்சின் என்று வைத்துவிட்டால் வேலை முடிந்தது அல்லவா?

சொல்வதற்குச் சுலபம். ஒரு நுகத்தில் இரண்டு மாடு பூட்டியவர்களுக்குத் தெரியும் சங்கதி. ஒன்று முந்தினால் மற்றது இழுபடும். ஒன்று படுத்துக்கொண்டால் மற்றது அதையும் சேர்த்து இழுக்க வேண்டும்.

பிரான்ஸ் நாட்டுச் சித்ரோவன் கம்பெனி இந்த யோசனையை வெட்கப்படாமல் செய்து காட்டியது. 1958இல் அவர்கள் காட்டிய ‘சஹாரா’ என்ற சிறு கார், பாலைவன மணலில் ஓடுவதற்காகச் செய்தது. முன்னால் 425 சிசி இஞ்சின் ஒன்று, பின்னால் டிக்கி இருக்க வேண்டிய இடத்தில் அதே போல இன்னொன்று. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 12 குதிரைத் திறன்தான். இஞ்சினுக்கு ஒன்றாக இரண்டு சாவி. பெட்ரோல் தொட்டியும் இரண்டு, முன் இருக்கைகளுக்கு அடியில். எண்ணெய் ஊற்றுவதற்குக் கதவிலேயே துளை போட்டிருப்பார்கள். ஆனால் கிளட்ச் ஒன்றுதான், கியர்க் கம்பும் ஒன்றுதான். ஒருவர் ஒரு கம்பைத் தள்ளினால் இரண்டு கியர்பெட்டியும் சேர்ந்து மாறும். ஒரு இஞ்சின் படுத்துவிட்டாலும் மற்றதை வைத்து வீடு வந்து சேரலாம். பாலைவனத்தில் அது உயிர் காக்கும் விஷயம். 1971 வரையில் மொத்தம் 694 வண்டிகள்தான் செய்தார்கள். ஸ்பெயின் நாட்டுக் காவல் படைகூட வாங்கி ஓட்டியது.

இதில் ஒரு நுட்பத்தைக் கவனியுங்கள். இந்த இரண்டு இஞ்சினுக்கும் நடுவே தண்டு கிடையாது. முன்சக்கரத்தையும் பின்சக்கரத்தையும் சேர்த்துக் கட்டுவது தரை ஒன்றுதான். பின் இஞ்சின் கொஞ்சம் முந்தினால் டயர் மணலில் வழுக்கி, கணக்கைச் சரிசெய்துகொள்ளும். மெதுவாகப் போகும் வண்டிக்கு அது போதும். வேகமாகப் போகும் வண்டிக்குப் போதாது. கதை இங்கிருந்துதான் சிக்கலாகிறது.

மினி காரை உங்களில் பெரியவர்கள் பார்த்திருப்பீர்கள். ஒரு காலத்தில் மலாயாவிலும் சிங்கப்பூரிலும் ஆசிரியர்களும் கிராணிமார்களும் ஆசைப்பட்டு வாங்கிய குட்டிக் கார் அது. சிங்கப்பூரில் அப்பர் தாம்சன் சாலையை மறித்து 1961 முதல் 1973 வரை கிராண்ட் பிரி பந்தயம் நடத்தினார்களே, அங்கேயும் மினிகள் ஓடின. 1959இல் வெளிவந்த அந்தக் காரை வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ் என்ற பொறியாளர். அவர் இஞ்சினைக் குறுக்காகத் திருப்பி வைத்து, கியரை அதன் அடியிலேயே அடக்கிவிட்டார். இஞ்சின், கியர், முன்சக்கரம் எல்லாம் ஒரே கூடாக வெளியே வரும். அந்தக் கூட்டைப் போல இன்னொன்றைச் செய்து பின்னாலும் பூட்டினால் என்ன என்று அவருக்கே தோன்றியது. 1963 ஜனவரியில், இங்கிலாந்தில் கடும் பனி கொட்டிய குளிர்காலத்தில், இரண்டு இஞ்சின் வைத்த மினி மோக் வண்டி ஒன்றைப் பனியில் ஓட்டிக் காட்டினார்கள். மற்ற வண்டிகள் திணறிய பனியில் அது ஓடியது. அதற்கு ‘ட்வினி’ என்று செல்லப் பெயரும் வந்தது.

பந்தயக்காரர்கள் சும்மா இருப்பார்களா? அதே 1963இல் சிசிலித் தீவில் நடக்கும் டார்கா ஃப்ளோரியோ பந்தயத்துக்கு இரட்டை இஞ்சின் மினி ஒன்றை அனுப்பினார்கள். ஓட்டியவர்கள் ஜான் விட்மோர், பால் ஃப்ரேர் என்ற இருவர். ஒரு சுற்றே 72 கிலோமீட்டர். அத்தனையும் மலைப்பாதை. பின்னால் இருந்த இஞ்சினுக்குக் காற்றோட்டம் போதவில்லை, சூடேறிப் படுத்தியது. மாட்டு வண்டியில் ஒரு மாடு படுத்துக்கொண்ட கதைதான்.

இப்போது ஜான் கூப்பர் வருகிறார். இவர் சாதாரண ஆள் அல்ல. இஞ்சினை ஓட்டுநருக்குப் பின்னால் வைத்த இவருடைய பந்தயக் கார்கள் 1959இலும் 1960இலும் உலகப் பட்டத்தை வென்றன, ஓட்டியவர் ஜாக் பிராபம். ‘மினி கூப்பர்’ என்ற பெயரில் உள்ள கூப்பர் இவர்தான். இவரும் தம் பங்குக்கு ஓர் இரட்டை இஞ்சின் மினியைச் சோதனை வண்டியாகச் செய்தார். 1963இல் இங்கிலாந்தின் கிங்ஸ்டன் புறவழிச்சாலையில் அதை ஓட்டிக்கொண்டு போனபோது வண்டி கவிழ்ந்து பலத்த காயம் அடைந்தார். உயிர் பிழைத்ததே பெரிது.

காரணம் என்ன என்று நினைக்கிறீர்கள்? இஞ்சின் வெடிக்கவில்லை, பிரேக்கும் விடவில்லை. நான் சொன்னேனே, முன்னால் பூட்டும் கூட்டைத்தான் பின்னாலும் பூட்டினார்கள் என்று. முன்சக்கரம் ஸ்டீரிங்குக்கு ஏற்பத் திரும்ப வேண்டிய சக்கரம். பின்னால் பூட்டியபோது அது திரும்பாமலிருக்க ஒரு கையை வைத்து வண்டியின் உடம்போடு பிடித்துக் கட்டிவிட்டார்கள். அந்தக் கைதான் விட்டுப்போயிருக்க வேண்டும் என்று சொல்வார்கள். பின்சக்கரம் தன் இஷ்டத்துக்குத் திரும்பினால் எந்த ஓட்டுநரால் என்ன செய்ய முடியும்? அதோடு அந்த முயற்சி கைவிடப்பட்டது.

இதே கதை இன்னொரு நாட்டில், இன்னும் பெரிய அளவில் நடந்தது. ஃபோக்ஸ்வேகன் கம்பெனி 1987இல் ஒரு கோல்ஃப் காரில் முன்னும் பின்னும் டர்போ இஞ்சின் வைத்து, மொத்தம் 652 குதிரைத் திறன் வரும்படி செய்தது. சஹாராவின் இரண்டு இஞ்சினையும் சேர்த்தால் 24 என்று பார்த்தோம். இது அதைப் போல 27 மடங்கு! அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்தில் பைக்ஸ் பீக் என்ற மலை. உச்சி 4,300 மீட்டருக்கும் மேலே, நம் கினபாலு மலையைவிட உயரம். அதில் 156 வளைவு ஏறும் பந்தயம், அப்போது பாதையில் பெரும்பகுதி சரளைக்கல். ஓட்டியவர் யோகி கிளைண்ட் என்ற ஜெர்மானியர். வண்டி பறந்திருக்கிறது. உச்சிக்குச் சில வளைவுகளே பாக்கி இருக்கும்போது நின்றுவிட்டது. சக்கரத்தைத் தாங்கும் ஒரு மூட்டில் கிரீஸ் போவதற்காகத் துளை போட்டிருந்தார்கள். துளை போட்ட இடத்தில் அந்த மூட்டு முறிந்துவிட்டது.

652 குதிரைகளை ஒரு துளை நிறுத்திவிட்டது, பாருங்கள். நான் இதைப் படித்தபோது அந்தப் பொறியாளர்களைவிட, துளையைப் போட்ட தொழிலாளியைத்தான் நினைத்துக்கொண்டேன். அவன் நல்ல எண்ணத்தில்தானே போட்டிருப்பான்.

இந்த இடத்தில் நம் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. பழைய கார் வைத்திருப்பவர்கள், மேடுபள்ளத்தில் போகும்போது முன்சக்கரத்துப் பக்கம் ‘டக், டக்’ என்று சத்தம் வந்தால், வானொலியைச் சத்தமாக வைத்துக்கொண்டு ஓட்டாதீர்கள். பட்டறையில் கொடுத்து ‘பால் ஜாயிண்ட்’ தேய்ந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். டயர் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்தாலும், கையைத் தளர்த்தினால் ஸ்டீரிங் ஒரு பக்கமாக இழுத்தாலும் அதையே பார்க்கச் சொல்லுங்கள். இஞ்சின் கெட்டால் வண்டி நிற்கும். மூட்டு கெட்டால் வண்டி நிற்காது, அதுதான் ஆபத்து.

சரி, இனிச் சிங்கப்பூருக்கு வருவோம்.

2017 மார்ச் மாதம் சுவிட்சர்லாந்தின் ஜெனீவா நகரத்து மோட்டார் காட்சியில் ஒரு சிங்கப்பூர்க் கம்பெனி தன் மாதிரி விளையாட்டுக் காரை வைத்தது. கம்பெனியின் பெயர் வாண்டா எலெக்ட்ரிக்ஸ். காரின் பெயர் டெண்ட்ரோபியம். இரண்டுமே ஆர்க்கிட் பூவின் பெயர்கள். வாண்டா மிஸ் ஜோக்கிம்தான் 1981இலிருந்து சிங்கப்பூரின் தேசிய மலர். டெண்ட்ரோபியம் வேறு யாரும் அல்ல, நம்முடைய உறவுதான். மழை பெய்து திடீரென்று குளிர்ந்த ஒன்பதாம் நாள், ரோட்டோரத்து மரங்களில் வெள்ளைவெள்ளையாகப் பூத்து, ஒரு நாள் மணத்துவிட்டு வாடிப்போகுமே, புறாவின் வடிவத்தில், அந்த ஆர்க்கிட்டும் டெண்ட்ரோபியம் இனம்தான். ஒரு வட்டாரத்தில் உள்ள செடிகள் எல்லாம் பேசி வைத்துக்கொண்டது போல ஒரே நாளில் பூக்கும். இந்தக் காரின் இரண்டு கதவுகளும் கூரையும் அதே போல ஒன்றாகத் திறந்து பூ விரிவது போலத் தெரியும் என்பதற்காகத்தான் அந்தப் பெயரை வைத்தார்களாம். பெயர் வைத்தவருக்கு ரசனை உண்டு.

இது பெட்ரோல் கார் அல்ல, மின்சாரக் கார். முன் ஆக்சிலில் இரண்டு மோட்டார், பின் ஆக்சிலில் இரண்டு மோட்டார். நான்கு சக்கரமும் இழுக்கும். இசிகோனிஸும் கூப்பரும் கண்ட கனவை இரண்டு மடங்காக்கிக் கொண்டுவந்திருக்கிறார்கள். மணிக்கு 320 கிலோமீட்டர் வேகம் என்பது அவர்கள் வைத்துக்கொண்ட இலக்கு. தொழில்நுட்பத்துக்கு இங்கிலாந்தில் வில்லியம்ஸ் பந்தயக் கார் குடும்பத்தைச் சேர்ந்த பொறியியல் நிறுவனத்தைத் துணைக்கு வைத்துக்கொண்டார்கள். ஆக, பெயர் சிங்கப்பூருடையது, கைவேலையில் பெரும் பங்கு இங்கிலாந்துடையது. அதை மறைத்துப் பேச எனக்கு விருப்பம் இல்லை.

இன்னொரு வேடிக்கையையும் சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூர்த் தீவு கிழக்கு மேற்காகச் சுமார் 50 கிலோமீட்டர். 320 வேகத்தில் போனால் பத்து நிமிடத்துக்குள் நாடே தீர்ந்துவிடும். அங்கே விரைவுச்சாலையில் 90க்கு மேல் ஓட்டக் கூடாது. கார் வாங்குவதற்கு முன்னால் வாகன உரிமைச் சான்றிதழை ஏலத்தில் எடுக்க வேண்டும், 1990இலிருந்து அதுதான் சட்டம். 2023 அக்டோபரில் பெரிய கார்களுக்கான சான்றிதழ் 150,001 வெள்ளிக்குப் போனது. அது வெறும் தாள். காருக்குத் தனியாகக் காசு. இப்படிப்பட்ட ஊரிலிருந்துதான் இப்படிப்பட்ட ஒரு காருக்கு ஆசைப்பட்டிருக்கிறார்கள்.

ஆனால் மின்சார மோட்டார் விஷயத்தில் அவர்கள் கண்டது உண்மை. பெட்ரோல் இஞ்சின் இரண்டை ஒரே மாதிரி ஓட வைப்பது பெரும்பாடு. ஒன்று சூடாக இருக்கும், ஒன்று குளிர்ந்திருக்கும். மிதித்ததும் ஒன்று உடனே உறுமும், மற்றது ஒரு நொடி யோசிக்கும். கிளட்ச், கியர் எல்லாம் இரட்டை. மின்சார மோட்டாருக்கு இந்தத் தொல்லை இல்லை. நின்ற நிலையிலிருந்தே முழு இழுப்பும் கிடைக்கும். ஒரு கணினி ஒவ்வொரு சக்கரமும் எவ்வளவு சுற்றுகிறது என்று ஒரு நொடிக்குள் பலமுறை பார்த்து, வழுக்குகிற சக்கரத்துக்கு மின்சாரத்தைக் குறைத்து, பிடிப்புள்ள சக்கரத்துக்குக் கூட்டிக் கொடுக்கும். நம் லோரி சேற்றில் மாட்டிக்கொண்ட கதைக்கு அங்கே இடமில்லை. பிரேக் போட்டால் மோட்டாரே டைனமோவாக மாறி மின்சாரத்தைத் திருப்பி மின்கலத்துக்கு அனுப்பும். பழைய சைக்கிளில் டைனமோவைச் சக்கரத்தோடு சேர்த்துவிட்டால் மிதிப்பது கனமாகுமே, அதே தத்துவம்.

இதெல்லாம் பணக்காரர் காரின் கதை, நமக்கு என்ன என்று கேட்பீர்கள். நீங்கள் சிங்கப்பூர் போனவராக இருந்தால் இந்தத் தத்துவத்தில் ஏற்கெனவே பயணம் செய்திருக்கிறீர்கள்.

என் அக்காள் குடும்பம் செங்காங்கில் இருக்கிறது. பள்ளி விடுமுறையில் நான் போனால், தேக்காவில் காய்கறி, பூ, கொஞ்சம் பலகாரம் எல்லாம் வாங்கிக்கொண்டு லிட்டில் இந்தியா நிலையத்தில் ரயில் ஏறுவேன். பொத்தோங் பாசிர், சிராங்கூன், ஹௌகாங் எல்லாம் தாண்டி எட்டு நிலையம் கழித்து ஒன்பதாவதாக வருவது செங்காங். 2003 ஜூனில் திறந்த பாதை. அந்த ரயிலை ஓட்ட ஓட்டுநர் கிடையாது. ஆறு பெட்டியையும் முன்னால் ஒரு எஞ்சின் இழுப்பது கிடையாது, பல பெட்டிகளுக்கு அடியில் மோட்டார்கள் இருக்கின்றன. எல்லாம் ஒரே நேரத்தில் கிளம்பி ஒரே நேரத்தில் நிற்கும். கையில் தேநீர் இருந்தாலும் சிந்தாது, ஆனால் ரயிலில் தேநீர் குடித்தால் அபராதம், அதையும் சொல்லிவிடுகிறேன். செங்காங்கில் இறங்கி மாடியேறினால் இலகு ரயில். அதற்கும் ஓட்டுநர் இல்லை. ரப்பர் டயரில் வீடுகளின் நடுவே வளைந்து வளைந்து போகும். அந்தப் பாதையில் கங்கார் என்று ஒரு நிலையம் உண்டு. அந்த வட்டாரத்தில் முன்பு இருந்த மீன்பிடிக் கிராமத்தின் பெயர் அது. கிராமம் போய்விட்டது, பெயர் ரயிலேறிக்கொண்டது.

என் அத்தான் தோட்டத்துப் பட்டறையில் டிராக்டர் கழற்றித் தொழில் கற்றவர். பிறகு சிங்கப்பூர் போய் முப்பது ஆண்டாகக் கார்ப் பட்டறை வேலை. குடியுரிமையும் வாங்கிவிட்டார். இஞ்சின் சத்தத்தைக் கேட்டே எந்த வால்வு சரியில்லை என்று சொல்லக்கூடிய காது அவருக்கு. போன விடுமுறையில் நான் போனபோது அவர் முகம் சரியில்லை. பட்டறைக்கு மின்சாரக் கார் வரத் தொடங்கிவிட்டது. சிங்கப்பூரில் 2030இலிருந்து புதிதாகப் பதிவு செய்யும் கார்கள் எல்லாம் தூய்மையான எரிசக்தியில் ஓடுபவையாக இருக்க வேண்டும் என்று அரசாங்கம் சொல்லிவிட்டது. புதிய டீசல் கார்களின் பதிவு 2025இலேயே நின்றுபோனது.

“மாப்ள, மூடியத் தொறந்தா உள்ள ஒண்ணுமே இல்ல. கேக்கறதுக்குச் சத்தமும் இல்ல. இது இஞ்சினா, இல்ல ரேடியோவா? என் காத வெச்சுக்கிட்டு நான் என்ன செய்ய?” என்றார்.

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் அக்காள் சமையலறையில் என்னிடம் தனியாகச் சொன்னாள், இரவில் சரியாகத் தூங்குவதில்லை என்று. ஐம்பத்திரண்டு வயதில் கையில் உள்ள தொழில் பழசாகிப்போவது சின்னச் சங்கதி அல்ல. பால்வெட்டிலிருந்து செம்பனைக்கு மாறிய காலத்தில் நம் பெற்றோர் பட்ட பாட்டை நாம் பார்த்திருக்கிறோம். வெட்டுக் கத்தி பிடித்த கைக்கு அரிவாள் கம்பைக் கொடுத்து, நாளையிலிருந்து குலை வெட்டு என்றார்கள். கற்றுக்கொடுத்தவர் யார்?

இங்கே கொஞ்சம் வேறுபாடு உண்டு. கற்றுக்கொடுக்க இடம் இருக்கிறது. சிங்கப்பூரில் 2015இல் தொடங்கிய ஸ்கில்ஸ்ஃபியூச்சர் திட்டத்தில் குடிமக்களுக்குப் பயிற்சிக்கு என்று ஒரு தொகை உண்டு. 2024 மே மாதத்தில் நாற்பது வயதும் அதற்கு மேலும் ஆன குடிமக்களுக்குக் கூடுதலாக 4,000 வெள்ளி பயிற்சிக் கணக்கில் போட்டார்கள். அத்தானும் வேலை முடிந்த பிறகு மின்சாரக் கார்ப் பயிற்சிக்குப் போகிறார். அவருடைய மகன் வயதுப் பையன்களோடு உட்கார்ந்து.

முதல் பாடமே கையுறை என்றார். மின்சாரக் காரில் ஆரஞ்சு நிறத்தில் தடித்த கம்பிகள் போகும். அந்த நிறத்தைக் கண்டால் கையை எடுத்துவிட வேண்டும். பல கார்களில் 400 வோல்ட் அளவுக்கு மின்சாரம் அதில் ஓடும், வீட்டு மின்சாரத்தைவிட அதிகம். மின்கலத்தின் தொடர்பைத் துண்டித்த பிறகும் சில நிமிடங்கள் காத்திருந்து, அளவுகருவி வைத்துப் பார்த்து, ஒன்றுமில்லை என்று தெரிந்த பிறகுதான் தொட வேண்டும். பெட்ரோல் காரில் தவறு செய்தால் விரல் நசுங்கும். இதில் ஆளே போய்விடலாம். ஆகவே தமக்குத் தெரிந்தவர் பட்டறையில் பிள்ளையைக் கொண்டுபோய் விட்டு, ‘பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொள்’ என்று சொல்லும் பெற்றோர்கள் இனி யோசிக்க வேண்டும். பையனுக்குக் கார் மேல் ஆசை இருந்தால் தடுக்காதீர்கள். “கை கறுப்பாகிற வேலை” என்று முகம் சுளிக்கவும் வேண்டாம், இப்போது அந்தக் கை அவ்வளவு கறுப்பாவதும் இல்லை. ஆனால் தொழிற்பயிற்சி நிலையத்தில் சேர்க்கும்போது மூன்று கேள்வி கேளுங்கள்: மின்சார வாகனப் பாடம் இருக்கிறதா? உண்மையான மின்சார வண்டியில் கை வைத்துக் கற்றுக்கொடுப்பார்களா? கொடுக்கும் சான்றிதழை வேலை கொடுப்பவர்கள் ஏற்றுக்கொள்கிறார்களா? கட்டணம் எவ்வளவு என்பது நான்காவது கேள்வியாக இருக்கட்டும்.

கணக்குப் பாடத்தையும் விட்டுவிடாதீர்கள். வோல்ட், ஆம்பியர், வாட் எல்லாம் பெருக்கலும் வகுத்தலும்தான். ஆறாம் ஆண்டுப் பாடம் தெரிந்தவன் தொடங்கிவிடலாம்.

அத்தானுக்குத் தொழிலில் தடுமாற்றம் இல்லை, சொற்களில்தான் தடுமாற்றம். வகுப்பு ஆங்கிலத்தில் நடக்கிறது. அவர் படித்தது தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை. ஒரு நாள் இரவு ஒரு பள்ளிக்கூட நோட்டுப் புத்தகத்தை என் முன்னால் வைத்து, “மாப்ள, நீ வாத்தியார்தானே, இதுக்கெல்லாம் தமிழ்ல எழுதிக் குடு” என்றார். இரண்டு பேரும் உட்கார்ந்து எழுதினோம். ‘இன்வர்ட்டர்’ என்றால் மின்கலத்திலிருந்து ஒரே பக்கமாக வரும் மின்சாரத்தை மோட்டாருக்கு வேண்டிய மாதிரி முன்னும் பின்னுமாக மாற்றிக் கொடுக்கும் பெட்டி. ‘டார்க்’ என்றால் சுழற்றும் வலு, திருகாணியைத் திறக்க நீளமான ஸ்பேனர் பிடிப்பது ஏன் என்று நினைத்துக்கொண்டால் போதும். ‘ஐசோலேட்டர்’ என்றால் தொடுவதற்கு முன்னால் முதலில் தேட வேண்டியது. இந்தக் கடைசி விளக்கம் அவர் சொன்னது, நான் அப்படியே எழுதினேன். வேலைக்குப் போகும்போது ரயிலில் அதைப் படித்துக்கொண்டு போவதாக அக்காள் தொலைபேசியில் சொன்னாள்.

அந்த நோட்டில் நாற்பது சொற்களுக்கு மேல் சேர்ந்துவிட்டன. ஒரு படி என்னிடம் இருக்கிறது. பட்டறையில் இருப்பவர்களோ, பயிற்சிக்குப் போகும் பிள்ளைகளின் பெற்றோர்களோ வேண்டுமென்று ஆசிரியருக்கு எழுதினால், அடுத்த இதழ்களில் பத்துப் பத்தாக இந்தப் பகுதியில் தருகிறேன்.